நான் அழித்த தழும்பு

முகத்தைத் துடைப்பதுதான் என் தொழில். அழகு நிலையக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் துடைப்பது உயிருள்ள முகத்தை, ரெண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். நான் துடைப்பது போட்டோவில் இருக்கிற முகத்தை. பரு, மரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்காத முகம், அழுத முகம், எதுவானாலும் சரி, நான் ஒருமுறை துடைத்தால் துடைத்ததுதான். முப்பத்தோரு வருடமாக இதைச் செய்கிறேன். தெருவில் என்னை ‘டச்சப் அக்கா’ என்பார்கள். என் சொந்தப் பெயரைக் கேட்டால் தபால்காரர்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்.

பெருமையடித்துக்கொள்ள இதை எழுத உட்காரவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காணாமல் போனார். ஊரே தேடியது. தேடியவர்கள் கண்ணுக்கு அவர் ஏன் அகப்படவில்லை என்பது ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த ஒரு பகலைச் சொல்லத்தான் இத்தனையும்.

என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் திருத்துவேன். கல்யாணமான புதிதில் ஃபிலிம் காலம். நெகட்டிவைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, பென்சிலை ஊசி மாதிரி சீவி, பூதக்கண்ணாடிக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். மூச்சை இழுத்து விட்டால் மூக்கு கோணிப்போகும். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் முதன்முதலில் திருத்தியது என் கல்யாணப் போட்டோவை. பத்து வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் குழிகுழியாக இருக்கும் எனக்கு. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அத்தனை குழியையும் மூடினேன். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் நான் நானாகவே இல்லை, அப்படி ஒரு அழகு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரிடம் காட்டினேன். மனிதர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் கட்டிக்கிட்டு வந்த பொண்ண எங்க ஒளிச்சு வெச்சம்மா?” என்றார்.

“ஏன், இது நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. யாருன்னுதான் தெரியல.”

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு மாமி வந்து சமாதானம் பண்ண வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் குணம் அது. நாலு வார்த்தை பேச நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வார், பேசினால் நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போவார். யாரையும் ‘சிரிங்க’ என்று சொல்ல மாட்டார். சிரிக்காத முகத்தை அப்படியே எடுத்து என் மேஜைக்கு அனுப்பிவிடுவார். உதட்டோரத்தை நான்தான் ஒரு இழுப்பு இழுத்துச் சிரிக்க வைப்பேன். வாடிக்கையாளர்கள் கையில் படத்தை வாங்கி, ‘அட, நானா இது!’ என்று கண்ணை விரிப்பார்கள் பாருங்கள், அதற்கு நான் அடிமை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு என் கை இன்னும் நீண்டுவிட்டது. கடையைப் புதுப்பித்தபோது பலகையை நான்தான் எழுத வைத்தேன். வெறும் ஸ்டுடியோ என்று இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘பிக்சர் பெர்ஃபெக்ட்’ என்று தங்க எழுத்தில். மூன்று தெரு தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார், சான்றிதழுக்குப் படம் எடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று அதைப் படித்தார்.

“அர்த்தம் தெரிஞ்சு வெச்சீங்களா, அழகா இருக்குன்னு வெச்சீங்களா?”

“தெரியாமலா சார் வைப்பாங்க? எங்க படம் பெர்ஃபெக்டா இருக்கும்னு அர்த்தம்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். “அது படத்தப் பத்தின பேச்சே இல்லம்மா. நிஜத்தப் பத்தினது. ஒரு ஆளோ, வீடோ, கல்யாணமோ, பாத்தா ஒரு குறை சொல்ல முடியாம, வரஞ்சு வெச்ச மாதிரி இருந்தா இங்கிலீஷ்காரன் பிக்சர் பெர்ஃபெக்ட்னுவான். பாராட்டாவும் சொல்லுவான். ஆனா நெறைய தடவ, சொல்லி வாய மூடறதுக்குள்ள பின்னாலயே ஒரு ‘ஆனா’ போடுவான். பிக்சர் பெர்ஃபெக்ட் குடும்பம், ஆனா உள்ள ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல. அந்த மாதிரி. ஒருத்தரோட குணத்துக்கு அத சொல்ல மாட்டான். மேல தெரியறதுக்கு மட்டும்தான்.”

“உங்க மூஞ்சிய எடுத்தா ‘ஆனா’ மட்டும்தான் சார் வரும். அசையாம உக்காருங்க” என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அவருடைய ஏறுநெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு முடி சேர்த்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார், வாத்தியாரே ஆனாலும்!

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நாற்பது வருடம் பேக்கரியில் ரொட்டி சுட்டவர். வாலிப வயசில் ஒருநாள் அடுப்புக் கதவு கழன்று விழுந்து, இடது கன்னம் வெந்துபோயிருந்தது. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் உள்ளங்கை அகலத் தழும்பு. தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும், காது மடலும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தழும்போடுதான் அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டார், பெண்ணைப் பெற்றார், பெண்டாட்டியைப் பறிகொடுத்தார். தெருக் குழந்தைகள்கூட அவரைப் பார்த்துப் பயந்ததில்லை. கடைசி ரெண்டு வருடமாக மறதி. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். பெண் அவரோடுதான் இருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள், புருஷனுக்கு வெளியூரில் வேலை. வாசல் அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, தைத்துக்கொண்டே ஒரு கண்ணை அப்பாமேல் வைத்திருப்பாள். என்னை அக்கா அக்கா என்று உயிரை விடுவாள்.

போன வருடம் அப்பாவுக்கு எழுபது முடிந்தது என்று படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். புதுச் சட்டை, படிய வாரிய தலை.

“அக்கா, வீட்டுல அப்பா படம்னு ஒண்ணுகூட உருப்படியா இல்ல. நல்லா வரணும்.”

நல்லா வரணும் என்றுதான் சொன்னாள். தழும்பை எடுங்கள் என்று அவள் சொல்லவே இல்லை. அதை நானாகச் செய்தேன். அன்பில்தான் செய்தேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்பு மட்டும் இல்லை, கை அரிப்பு. இவ்வளவு பெரிய தழும்பு என் மேஜைக்கு அதுவரை வந்ததில்லை. வலது கன்னத்துத் தோலை எடுத்து இடது கன்னத்தில் வைத்து, சுருக்கம் சுருக்கமாக நீவி எடுத்து, காது மடலை முழுசாக வளர்த்து, ரெண்டு மணி நேரம் வேலை. முடித்தபோது அவர் கன்னம் பளிங்கு மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் வெந்ததென்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

பெரியவர் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “யாரும்மா இது? நம்ம சொந்தமா?” என்றார்.

நாங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறதியில் கேட்கிறார் என்று சிரித்தோம். “அப்பா, நீங்கதாம்ப்பா! எவ்ளோ சூப்பரா இருக்கீங்க பாருங்க” என்று அவள் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். “தழும்பே காணோமேக்கா, மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் படம் அவள் வீட்டுச் சுவரில் ஏறியது. தினமும் பார்க்கிற படத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஒரு வருடத்தில் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை பெரியவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பழைய நினைப்பில் பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார்போல. பேக்கரி மூடி எட்டு வருடம் ஆகிறது. ஒன்பது மணிக்கு அவள் எங்கள் கடைக்குள் ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை.

“அக்கா, அப்பாவ காணோம். ஸ்டேஷன்ல படம் கேக்கறாங்க. உங்ககிட்ட இருக்குமே, பெருசா போட்டுக் குடுங்கக்கா.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பழகிய விரல் தானாக ஓடும். ஒவ்வொருவர் பெயரிலும் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி இருக்கும். அதில் எடுத்த படம் ஒன்று, திருத்திய படம் ஒன்று. எடுத்த படத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் சட்டம். சமைக்காததை யாராவது பரிமாறுவார்களா? முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட என் விரல் அந்தப் பக்கம் போனதில்லை. அன்றைக்கும் போகவில்லை. திருத்திய படத்தைத் திறந்தேன். இதில் கூத்து என்னவென்றால், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியட்டும் என்று அதை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன்.

‘காணவில்லை’ என்று மேலே போட்டு, வயது, உயரம், நீலக் கட்டம் போட்ட சட்டை, போன் நம்பர் எல்லாம் அவள் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல அடித்தேன். கீழே சின்ன எழுத்தில் எங்கள் ஸ்டுடியோ பேரையும் போட்டேன். ஏன் போட்டேன்? இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருநூறு பிரிண்ட் எடுத்தேன். தெருவே சேர்ந்து ஒட்டியது. போனில் போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். ‘டச்சப் அக்கா நல்ல மனசு’ என்று நாலு பேர் சொன்னார்கள், அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷன் காகிதத்தில் தீக்காயத் தழும்பு என்று அங்க அடையாளம் எழுதத்தான் எழுதினார்கள். அந்தக் காகிதம் ஸ்டேஷன் மேஜையைத் தாண்டவில்லை. ஊரைச் சுற்றியது என் படம்தான். அக்கம்பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவள் போன் பண்ணினாள். படத்தை அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினாள். பார்த்துவிட்டு, இப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். செவ்வாய் போனது, புதன் போனது. அவள் மிஷின்மேல் பாதி தைத்த சட்டை அப்படியே கிடந்தது. “எங்கயாவது ஒக்காந்து ரொட்டி வேகலன்னு சொல்லிட்டு இருப்பாருக்கா” என்று சிரிக்கப் பார்ப்பாள். சிரிப்பு வராது.

வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் படம் எடுக்க வெளியூர் போய்விட்டார். நான் மட்டும் கடையில். ஒரு அம்மாள் பாஸ்போர்ட் படத்துக்காக வந்திருந்தாள். முதல் நாள் எடுத்தது. உதட்டுக்குமேல் மிளகு அளவு மச்சம். வழக்கம்போல மவுஸ் அம்பைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்.

“ஐயையோ, அத தொட்டுடாதீங்க!” என்று அந்த அம்மாள் கத்தினாள். “அடையாளம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன். அது இல்லன்னா நான்னு எவன் ஒத்துக்குவான்?”

என் கை நின்றது. தலையை நிமிர்த்தினேன். எதிரே கடைக் கண்ணாடிக் கதவில் ‘காணவில்லை’ ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் காகிதத்தின் முதுகுதான் தெரியும், ஆனால் வெளி வெளிச்சத்தில் அந்த முகம் நிழலாகத் தெரிந்தது. ரெண்டு கன்னமும் ஒன்றுபோல.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது.

அந்த அம்மாளை எப்படி அனுப்பினேன் என்று நினைவில்லை. அவள் போனதும் பெரியவர் பெட்டியைத் திறந்தேன். எடுத்த படம் அதில் இருந்தது. தழும்போடு, ஒட்டிய காதோடு, அவரேதான். ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும், அவள் போனுக்குப் போய்விடும். அடுத்த நிமிஷம் ஊரெல்லாம் போய்விடும்.

தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று எத்தனையோ தடவை என்னை நானே நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன். ஆயிரம் சமாதானம் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். சந்தையில் யாரோ பார்த்ததாகக் காலையில் தகவல் வந்திருக்கிறதே, இன்றைக்கே கிடைத்துவிடுவார், அப்புறம் இதை எதற்குக் கிளற வேண்டும் என்றேன். மூஞ்சியும் கண்ணும் அவருடையதுதானே, தழும்பு இல்லாவிட்டால் என்ன, தெரியாதா என்றேன். என் வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுக்கொண்டு செய்யலாம் என்றேன். என்றைக்கு நான் அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்தேன்? எல்லாம் பொய். உண்மை ஒன்றுதான். இருநூறு காகிதம் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொன்றின் கீழேயும் என் கடைப் பெயர். நாலு நாளாக ஊரைத் தப்பான முகத்தைத் தேட வைத்தவள் நான் என்று தெரிந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதுதான் காரணம்.

போனைக் கையில் எடுத்தேன், அவள் நம்பரைப் போட்டேன், மணி அடிப்பதற்குள் வெட்டினேன். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை அவளே திருப்பிக் கூப்பிட்டாள்.

“அக்கா, கூப்டீங்களா? ஏதாச்சும் தகவல் வந்துதா?”

“இல்லம்மா, கை தவறி பட்டுடுச்சு. நீ சாப்டியா?”

நாக்கு அழுகிப் போகாதா எனக்கு! சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். முன்னூறு பிள்ளைகளைக் கட்டி மேய்த்த களைப்பு. காலை நீட்டி உட்கார்ந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏம்மா, ஒரு மாதிரி இருக்க?”

“தலவலி.”

மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. அவர்மேல் பழி போடவும் அன்றைக்கு மனசு தேடியது. காமிராவை எடுத்து நிறுத்துகிற மனுஷனுக்கு இது தெரியாதா, அவராவது கவனித்திருக்கக் கூடாதா என்று. அவர் அந்தக் காகிதத்தைச் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ! திங்கட்கிழமையிலிருந்து அவரும் சைக்கிளில் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டல்லவா இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். வாயில் நுரையோடு நின்று கேட்டார். திட்டுவார், கத்துவார், கையில் இருக்கிறதைத் தூக்கி எறிவார் என்று பார்த்தேன். வாயைக் கொப்பளித்தார். ஈரக் கையோடு கடைக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். எடுத்த படத்தை அப்படியே வைத்து, ‘இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு’ என்று சிவப்பில் எழுதினார். கீழே இருந்த கடைப் பெயரை எடுத்துவிட்டார். அவளுக்கு அனுப்பினார், ஸ்டேஷனுக்கு அனுப்பினார், முதலில் அனுப்பிய இடத்துக்கெல்லாம் அனுப்பினார்.

இருபது நிமிஷம். அவ்வளவுதான் ஆனது.

ரெண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் அவளுக்குப் போன் பண்ணினாள். அவள் எங்கள் கடைக்கு ஓடிவந்து, பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினாள். அந்த நர்ஸின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“திங்கக்கிழம சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கெடந்தார்னு கொண்டுவந்து சேத்தாங்கம்மா. நல்ல காய்ச்சல், நெஞ்சுல சளி. பேரு ஊரு எதுவும் சொல்லத் தெரியல. நீங்க அனுப்புன மொத படம் எங்களுக்கும் வந்துதும்மா. நான் போன எடுத்துட்டுப் போய் அவரு கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு பாத்தேன். கண்ணு ஒரே மாதிரிதான் இருந்துது. ஆனா அந்தப் படத்துல மூஞ்சி கண்ணாடி மாதிரி இருந்துதே. இவ்ளோ பெரிய தழும்ப யாராச்சும் விட்டுட்டுப் படம் போடுவாங்களா? அதான் வேற ஆளுன்னு விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டனாம்மா?”

அவள் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று என்னைக் கேட்கிறாள்!

“இப்ப எப்படி இருக்கார்?” என்றேன்.

“நேத்து சாயங்காலம் நாலு மணிக்கும்மா” என்றாள். “பொறுமையா வாங்க. இங்கதான் வெச்சிருக்கோம்.”

என் வீட்டுக்காரர்தான் அவளோடு பஸ்ஸில் போனார். அவள் புருஷன் நேராக அங்கே வந்து சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்தது. நான் போனேன், ஒரு மூலையில் நின்றேன், வந்துவிட்டேன். அந்த ஒரு வாரம் என் வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாடு போடவா என்றால் போடு என்பார். அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஒருநாள் மட்டும் சொன்னார். “மொத படம் தெரியாம குடுத்தது. அத யாரும் கேக்கப் போறதில்ல. வியாழக்கிழமைய அவகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொன்னா அவ தாங்குவாளா?” என்றேன்.

“அவளுக்காக யோசிக்கறியா, உனக்காகவா?” என்று கேட்டுவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

எட்டாம் நாள் அவளே கடைக்கு வந்தாள். முகம் பாதியாகி இருந்தது. கையில் ஒரு பை. கௌண்டருக்கு உள்பக்கமாக வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்கள பாத்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அந்த நர்ஸம்மா எல்லாம் சொன்னாங்க. மொத படத்துல தழும்பு இல்லன்னு எனக்கே தோணலக்கா. பெத்த அப்பன், தினம் பாக்கற மூஞ்சி, எனக்கே தோணல. உங்கள என்ன சொல்றது? ஆனா நீங்க கண்டுபிடிச்சீங்க பாருங்க. அது தெரிஞ்ச ஒடனே வேற படம் போட்டு அனுப்புனீங்களே. இல்லன்னா இன்னும் ரெண்டு நாள்ல எங்கப்பாவ கேக்க ஆளில்லாத பொணம்னு எடுத்துப் போட்டிருப்பாங்கக்கா. உங்க புண்ணியம், காரியத்த என் கையால பண்ணேன்.”

தெரிஞ்ச ஒடனே என்றாள். அவளுடைய விரல்கள் ஊசி குத்திக் குத்திச் சொரசொரவென்று இருக்கும். அந்த விரலால் என் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே திரைக்குப் பின்னால் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தவர் சத்தமில்லாமல் நின்றார். இவள் அழுது முடித்துவிட்டாள், மனசைத் தேற்றிக்கொண்டாள், இப்போது எதற்கு என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை முழுக்க என்னோடு கடையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

“ஒடனே இல்லம்மா” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

“எனக்கு வியாழக்கிழமையே தெரிஞ்சுடுச்சு. தழும்ப அழிச்ச படம் போட்டுட்டோம்னு அன்னிக்கே பாத்துட்டேன். வெளிய சொன்னா அசிங்கம்னு சொல்லாம இருந்துட்டேன். கை தவறி பட்டுடுச்சுன்னு சொன்னேனே, அப்பல்லாம் தெரியும். அடுத்த நாள் காலையிலதான் இவர்கிட்டயே வாயத் தொறந்தேன்.”

அவள் கையை உதறவில்லை. அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாக ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டாள்.

“வியாழக்கிழம எத்தன மணிக்குக்கா?”

அதை மட்டும் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலம் என்று சொல்லிவிடலாம். அஞ்சு மணி என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துபோன பிறகு என்று ஆகிவிடும். யாருக்கும் தெரியாது.

“ஒம்போது மணிக்கு. காலையில.”

அவள் உதடு அசைந்தது. ஒன்பதரைக்கு நர்ஸ் கூப்பிட்டிருப்பாள், பத்து மணி பஸ், பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கலாம். நான் எட்டு நாளாகப் போட்ட கணக்கை அவள் என் கண் முன்னால் நின்று போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, கோபமே இல்லாத குரலில், யாரோ மூன்றாம் மனிதரிடம் தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“பன்னெண்டரைக்கு நர்ஸம்மா பால் குடுத்தாங்களாம். என் பொண்ணு வந்துடட்டும், அவ வந்தா குடிக்கறேன்னு சொன்னாராம்.”

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பாலை அவர் குடித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.